அயர்லாந்து வீட்டுக்காரி

அண்ணியைக் கான்வென்ட் மதரிடம் கூட்டிக்கொண்டு போனவள் நானேதான். அவள் கல்யாணமாகித் தூத்துக்குடியிலிருந்து எங்கள் ராயபுரம் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அண்ணன் ஹார்பருக்கு வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு, பொழுது போகாமல் ஜன்னலண்டை நின்று டிராம் போவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். "பாவம்டி, உன் இங்கிலீஷ் கிளாசுக்கு அதையும் கூட்டிகினு போயேன்" என்று அம்மா சொன்னாள். அம்மா சொல்வதையெல்லாம் கேட்டு நடக்கிற ஆள் இல்லை நான். ஆனால் அன்றைக்குக் கேட்டேன். மதர் என்னை எப்படிக் கொண்டாடுகிறார் என்பதை அண்ணி தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம் அது. நான் கோயிலை ஒட்டியிருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு டீச்சர். கான்வென்ட் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சராக வேண்டும் என்பது என் கனவு. படிப்பில் எனக்குக் குறைவில்லை. எவ்வளவு தடி புஸ்தகமானாலும் அகராதி இல்லாமல் வாசித்துவிடுவேன். பக்கம் பக்கமாகத் தப்பில்லாமல் எழுதுவேன். பேச வேண்டும் என்று வாயைத் திறந்தால்தான் வம்பு. எழுவாய் சரியா, காலம் சரியா என்று மனசுக்குள் அடித்துத் திருத்திக்கொண்டு நிற்பதற்குள், எதிரில் இருப்பவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்.

என் மாதிரி ஆட்களுக்கென்றே மதர் சனிக்கிழமை சாயங்காலம் கான்வென்ட் பார்லரில் ஒரு வகுப்பு வைத்திருந்தார். ஐந்தாறு பெண்கள் வருவோம். பெரும்பாலும் டீச்சர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கிற ஒருத்தியும் உண்டு.

மதர் அயர்லாந்துக்காரர், கான்வென்ட் ஹைஸ்கூலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸ். சின்ன வயதில் கப்பலேறி வந்தவர், அதற்குப் பிறகு ஊருக்குத் திரும்பியதே இல்லை. அந்த நாளில் கன்னியாஸ்திரிகள் வந்தால் வந்ததுதான். வெயிலில் மூக்கு எப்போதும் சிவந்து தோல் உரிந்திருக்கும். கைகள் இரண்டும் ஆம்பிளைக் கைகள் மாதிரி பெரிசு. மாடு கறந்த கை என்று அவரே சொல்லிக் காட்டுவார்.

முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார். "இலக்கணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை நான் சொல்லித்தரப் போவதில்லை. என் வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொண்டிருக்கலாம்."

அப்படித்தான் அந்த வகுப்பு நடந்தது. கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு ஓட்டு வீடு வரைவார். கதவு குறுக்கே இரண்டாகப் பிளந்திருக்கும். மேல் பாதியைத் திறந்து வைத்து, கோழி உள்ளே வராமல் இருக்கக் கீழ்ப் பாதியைச் சாத்தி வைப்பார்களாம். சதுப்பு நிலத்தில் ஈர மண்ணைச் செங்கல் செங்கலாக வெட்டி எடுத்துக் காயவைத்து, அதையே அடுப்பில் எரிப்பார்களாம். புளித்த மோரும் சோடா உப்பும் போட்டு ரொட்டி சுடுவார்களாம். தட்டிவிட்டு யாரும் உள்ளே வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி நேராக வந்து, "இங்கே உள்ள எல்லாரையும் ஆண்டவர் காப்பாராக" என்று சொல்லிவிட்டு அடுப்பண்டை உட்கார்ந்துவிடுவாள். டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பாள். இன்னொரு தடவை கேட்டாலும் வேண்டாம் என்பாள். மூன்றாவது தடவை கெஞ்சினால்தான் "சரி, அரை கப்" என்பாள். முதல் தடவையே குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அது மரியாதை இல்லை.

இதையெல்லாம் நாங்கள் நடித்துப் பேசுவோம். ஒருத்தி வீட்டுக்காரி. மற்றவர்கள் மழையில் நனைந்து வரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரிக்குத்தான் பேச்சு அதிகம். வந்தவர்களை வரவேற்க வேண்டும், மழையைத் திட்ட வேண்டும், டீ குடிக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டும், ஊர் வம்பு கேட்க வேண்டும். அந்த வேஷம் எப்போதும் எனக்குத்தான். யாருக்கு என்று மதர் கேட்டதே இல்லை. வந்தவுடன் அடுப்புப் பக்கத்து நாற்காலியை என் பக்கம் தள்ளிவிடுவார். அந்த நாற்காலி பிரம்பு பின்னிய சாதாரண நாற்காலிதான். அதில் உட்கார்ந்ததும் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும். வாரம் முழுக்க அந்தச் சாயங்காலத்துக்காகக் கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பார்ப்பேன்.

அண்ணி வந்த முதல் சனிக்கிழமை ஒரு மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். தூத்துக்குடியில் கான்வென்டில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். இங்கிலீஷ் பேசுவாள், தப்புத் தப்பாக. காலமும் தப்பு, ஒருமை பன்மையும் தப்பு. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அன்றைக்கு மதர் ஒரு விஷயம் சொன்னார். "எங்கள் பழைய பாஷையில் யெஸ் என்று ஒரு வார்த்தை கிடையாது. நோ என்றும் கிடையாது. அதனால் இங்கிலீஷ் பேசும்போதும் எங்கள் ஊர்க்காரர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். மழை பெய்கிறதா என்று கேட்டால், பெய்கிறது என்பார்கள். உன் அண்ணன் வந்தானா என்றால், வரவில்லை என்பார்கள்."

நாங்கள் எல்லாரும் அதை எழுதிக்கொண்டோம். மூலையிலிருந்து அண்ணி பட்டென்று சொன்னாள், அவளுடைய ஓட்டை இங்கிலீஷில். "மதர், நாங்களும் அப்படித்தான். சாப்பிட்டியா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்போம். வெறும் யெஸ் சொன்னால் சண்டைக்காரி என்று நினைப்பார்கள்."

மதர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தமிழில் ஆமாம் என்ற வார்த்தை இருக்கிறது மதர். இல்லை என்பதும் இருக்கிறது. அயர்லாந்து பாஷை மாதிரி இல்லாமல் போகவில்லை" என்றேன். இலக்கணப்படி நான் சொன்னதில் ஒரு பிசகும் கிடையாது.

மதர் என்னைப் பார்த்தார். "இருக்கட்டும். இன்று காலை உன் அம்மா காப்பி குடிச்சியா என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்?"

குடித்தேன் என்றுதான் சொல்லியிருந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள். அவள் சிரிப்பில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அண்ணி பேசிக்கொண்டே வந்தாள். "எங்க அப்பா தோணித் துறைக்குப் போகும்போதுகூட, எங்க போறீயன்னு கேக்க மாட்டோம், அபசகுனம். அதுமாதிரி அவங்க ஊர்லயும் இருக்குமா, கேக்கணும் நாத்தனாரே." நான் ம் கொட்டினேன். அடுத்த சனிக்கிழமை நான் கேட்கலாம் என்று வைத்திருந்ததெல்லாம் அவள் வாயிலிருந்து வருகிற மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் நான் சீக்கிரமே கிளம்ப ஆரம்பித்தேன். புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் அண்ணி பின்னாலேயே ஓடி வருவாள். "என்ன அவசரம், டிரெய்னா புடிக்கப் போறோம்?" என்பாள். தெரு முழுக்க அவளைப் பார்க்கும். கருவாட்டுக் கடைக்காரர் "இன்னா, அண்ணியும் நாத்தனாரும் ஓட்டப் பந்தயமா?" என்று கூப்பிட்டுக் கேட்பார்.

சதுப்பு மண்ணை எரிக்கிற பேச்சு வந்த நாளில் அண்ணி வரட்டியைப் பற்றிச் சொன்னாள். சந்தை நாளைப் பற்றி மதர் சொன்னபோது, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் மாட்டுத் தரகர்களைப் பற்றிச் சொன்னாள். மதர் ஒவ்வொன்றுக்கும் மேஜையைத் தட்டிச் சிரித்தார். இரண்டு வருஷம் அந்த வகுப்பில் இருந்தேன். மதர் என் வாக்கியங்களை மெச்சியிருக்கிறார். "பர்ஃபெக்ட்" என்பார், அடுத்தவளிடம் திரும்பிவிடுவார். அண்ணியிடம் ஒரு நாளும் பர்ஃபெக்ட் என்று சொன்னதில்லை. "அப்புறம்?" என்று கேட்டார். அந்த "அப்புறம்?" எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது அந்தப் பிரம்பு நாற்காலி அண்ணியின் பக்கம் நகர்ந்திருந்தது. மதர் இயல்பாகச் சொன்னார்: "இன்று உன் அண்ணி வீட்டுக்காரியாக இருக்கட்டும். நீ மழையில் நனைந்து வா."

நான் நனைந்து வந்தேன். "இங்கே உள்ள எல்லாரையும் ஆண்டவர் காப்பாராக" என்றேன். அண்ணி டீ வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். மறுபடி கேட்டாள். வேண்டாம் என்றேன். மூன்றாம் முறை, நாலாம் முறை. நான் விடாமல் வேண்டாம் என்றே சொன்னேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அண்ணி திகைத்துப் போய் மதரைப் பார்த்தாள். பிறகு தமிழில், "ஏன், வீட்டுல சண்டையா? கொஞ்சம் குடியேன், சூடு ஆறிப் போகுது" என்றாள். மதருக்குத் தமிழ் புரியும். கண்ணில் தண்ணி வருகிற வரைக்கும் சிரித்தார். தங்கள் ஊர் வீட்டுக்காரி தத்ரூபமாக இப்படித்தான் சொல்வாள் என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நான் அண்ணியோடு பேசவில்லை. வெள்ளாட்டுக் குட்டி மாதிரி முரண்டு பிடிக்கிறாள் என்று அம்மா புலம்பினாள். அண்ணன் ஒன்றும் தெரியாமல் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தது மழைக்காலம் தொடங்கிய சமயத்தில். வாந்தியில் சுருண்டு படுத்துக்கொண்டாள். கருவாட்டு வாசம் காற்றில் வந்தாலே எழுந்து ஓடுவாள். வகுப்புக்கு வருவது நின்றது. பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை நான் தனியாகத் தெருவில் நடந்தபோது செருப்புச் சத்தம் எனக்கே இனிமையாகக் கேட்டது. நாற்காலி திரும்ப என் பக்கம் வந்தது. உட்கார்ந்ததும் மதர் கேட்ட முதல் கேள்வி, "அவள் எப்படி இருக்கிறாள்? ஏதாவது சாப்பிட முடிகிறதா?"

அந்த மழைக்காலத்தில்தான் மதர் சாவு வீட்டைப் பற்றிச் சொன்னார். அவர்கள் ஊரில் ஒருவர் இறந்தால் கடிகாரத்தை நிறுத்துவார்கள். கண்ணாடியைத் துணியால் மூடுவார்கள். ஆத்மா வெளியே போவதற்காக ஜன்னலைத் திறந்து வைப்பார்கள். அக்கம்பக்கம் எல்லாரும் வந்து உட்கார்ந்து, டீ குடித்து, புகை பிடித்து, இறந்தவரைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிப்பார்களாம். அழுகையும் சிரிப்பும் ஒரே அறையில் இருக்கும் என்றார். அந்தக் காலத்தில் ராகம் போட்டு அழுகிற பெண்களும் இருந்தார்களாம். சாமியார்களுக்கு அது பிடிக்காமல் மெள்ள மெள்ள நின்றுவிட்டது. ஒப்பாரி என்று நான் சொன்னேன். இந்தத் தடவை சொன்னவள் நான். "அப்படியா? அப்புறம்?" என்று கேட்பார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மதர் ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுபது எண்பது வயதில் அம்மா ஊரில் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

கொஞ்ச நாளில் தந்தி வந்தது. மதருடைய அம்மா இறந்துவிட்டார். நாங்கள் கேள்விப்பட்டபோது அடக்கம்கூட முடிந்திருந்தது. கான்வென்ட் கோயிலில் ஒரு பூசை வைத்தார்கள். மதர் முதல் வரிசையில் முழங்காலில் இருந்தார். மறு நாள் வழக்கம்போல் பள்ளிக்கூடத்துக்குப் போனார். சனிக்கிழமை வகுப்பும் எடுத்தார். அன்றைக்குக் கரும்பலகையில் வீடு வரையவில்லை. முதல் தடவையாக இலக்கணம் நடத்தினார்.

எனக்கு அன்றைக்குத்தான் அந்த யோசனை வந்தது. மதருக்கு ஒரு சாவு வீடு வேண்டும். கான்வென்டில் அது நடக்காது. எங்கள் வீட்டில் நடத்தலாம்.

மடத்துத் தலைவியான பெரிய மதரிடம் போய்க் கேட்க மூன்று நாள் தைரியம் சேர்த்தேன். மதர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து ஜெபம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். பெரிய மதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துணைக்கு இன்னொரு சிஸ்டர் வருவார், இருட்டுவதற்குள் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுமதி கொடுத்தார்.

அந்த நாளை நான் ஏற்பாடு செய்த மாதிரி என் கல்யாணத்தைக்கூடச் செய்யவில்லை. வீட்டைக் கழுவினேன். ரேஷன் சர்க்கரையை மிச்சம் பிடித்து வைத்திருந்தேன். கண்ணாடியை அம்மாவின் வெள்ளைப் புடவையால் மூடினேன். ஜன்னலைத் திறந்தேன். சுவர்க் கடிகாரத்தை நிறுத்துவதற்காக ஸ்டூல் போட்டு ஏறியபோது நைனா உள்ளே வந்தார். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவர், வேலை முடிந்து வந்த கோலத்திலேயே நின்றார்.

"இன்னாம்மா இது? கண்ணாடிய மூடிகீற, கடியாரத்த நிறுத்துற. யாரு பூட்டாங்க?"

"மதரோட அம்மா, நைனா."

"எங்க?"

"அயர்லாந்துல."

"எந்த ஊர்லயோ ஒரு கெயவி பூட்டதுக்கு ராயபுரத்துல நம்ம கடியாரம் இன்னாத்துக்கு நிக்கணும்?"

நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார். கடைசியில், "அந்தம்மா இத்தினி வருசமா நம்ம புள்ளிங்களுக்குப் பாடம் சொல்லிகினு கீது. அதுக்கு ஒரு சாவு வூடு இல்லன்னா நல்லாவா கீது?" என்று சொல்லிவிட்டு, தானே ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தின் ஊசலைப் பிடித்து நிறுத்தினார். பிறகு போய் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

தெருவில் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மதர் துணை சிஸ்டரோடு வாசல்படி ஏறினார். சுவரில் திரு இருதயப் படத்துக்கு முன்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து நின்றார். பிறகு கண்ணாடியைப் பார்த்தார், நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார், திறந்திருந்த ஜன்னலைப் பார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பெரிய கை என் கையை முழுசாக மூடிக்கொண்டது. அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் எதையும் செய்திருப்பேன்.

ஜெபமாலை சொன்னோம். பிறகு டீ கொடுத்தேன். வேண்டாம் என்றார். மறுபடி கேட்டேன். வேண்டாம் என்றார். மூன்றாவது முறை, "சரி, அரை கப்" என்றார். அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விளையாட்டு அது என்று எனக்குப் பெருமை.

அதற்கப்புறம்தான் சிக்கல். இறந்தவரைப் பற்றிக் கதை சொல்ல வேண்டும். இறந்தவரை இங்கே யாருக்குத் தெரியும்? இதை நான் யோசித்திருக்கவில்லை. நைனாதான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"மதர், உங்கம்மா இன்னா நல்லா ஆக்குவாங்க?"

மதர் தமிழில் பதில் சொன்னார். உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், பன்றிக்கறி. வேறு ஒன்றும் தெரியாது, அதிலும் உப்பு அதிகமாகப் போடுவார் என்றார். "எங்க வூட்லயும் அதே கதிதான்" என்று நைனா அம்மாவைக் காட்டினார். எல்லாரும் சிரித்தார்கள். மதரும் சிரித்தார். ஒரு தடவை தன் அம்மா கோபத்தில் சந்தைக்காரன் ஒருவனைச் செத்த கோழியாலேயே அடித்த கதையைச் சொன்னார். கருவாட்டுக் கடைக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் நினைத்த மாதிரியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது. நான் டீத் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது உள்ளறையிலிருந்து அண்ணி எழுந்து வந்தாள். காலையிலிருந்து வாந்தி. தலை கலைந்து, முகம் வெளுத்து, புடவையை ஏனோதானோ என்று சுற்றியிருந்தாள். அந்த நாளுக்காக அவள் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட்டிருக்கவில்லை. போட முடியவில்லை. வந்து மதரின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு இங்கிலீஷில் கேட்டாள்.

"மதர், உங்க அம்மா உங்களை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க?"

கன்னியாஸ்திரிகளுக்கு மடத்தில் சேரும்போது வேறு பேர் வைத்துவிடுவார்கள். ஞானஸ்நானப் பேரை அதற்கப்புறம் யாரும் சொல்வதில்லை. இது எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம்தான். மதருக்கு அப்படி ஒரு பேர் இருந்திருக்கும், அதைக் கேட்கலாம் என்பது மட்டும் எனக்குத் தோன்றவேயில்லை.

மதர் மெதுவாக அந்தப் பேரைச் சொன்னார். செல்லப் பேர், இரண்டே அசை. அதை இங்கே எழுத எனக்கு மனசில்லை. அண்ணி அதை ஒரு தடவை திருப்பிச் சொன்னாள். தூத்துக்குடி நாக்கில் அது கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. மதரின் முகம் அப்படியே உடைந்துபோனது. குனிந்து அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டார். அழுதார். எங்கள் தெருப் பெண்கள் அழுவது போலவே சத்தம் போட்டு அழுதார். துணைக்கு வந்த சிஸ்டர் ஜெபமாலையை இறுகப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அம்மாவும் அழுதாள். நைனா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் அழுகை வந்தது. மதருக்காக வந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

புறப்படும்போது மதர் வாசலில் வெகு நேரம் நின்றார். அவர்கள் ஊரிலும் போய்வருகிறேன் என்று ஒரே தடவை சொல்லிவிட்டுக் கிளம்பிவிட மாட்டார்கள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். என்னிடம், "இப்படி ஒரு காரியம் எனக்கு யாரும் செய்ததில்லை" என்றார். அது நெஞ்சிலிருந்து வந்த வார்த்தை, எனக்குத் தெரியும். அண்ணியிடம் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர் இடம் ஒன்று காலியாகிறது என்று தெரிந்தது. மதர் என்னைக் கூப்பிடுவார் என்று காத்திருந்தேன். கூப்பிட்டார். அந்த வேலை எனக்கு என்றார். வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் கொடுத்தாள். அண்ணி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"நல்லதாப் போச்சு. நான் சொன்னேம்லா, ஒனக்குத்தான் குடுப்பாவன்னு" என்றாள்.

"எப்போ சொன்னீங்க?"

"மதர் என்னைக் கேட்டாவல்லா, போன வாரம் பாக்க வந்தப்போ. டீச்சர் பயிற்சி பின்னால முடிச்சுக்கலாம், வாரியான்னு. வயித்துப் பிள்ளையோட நான் எங்க போவ? எங்க நாத்தனாருக்குக் குடுங்க, அவளுக்குத்தான் அதுல உசுருன்னு சொன்னேன்." அவள் அதை ஒரு நல்ல சேதி மாதிரி சொன்னாள். அவளுக்கு அது நல்ல சேதிதான்.

நான் திரும்பிக் கான்வென்டுக்கே நடந்தேன். மதர் தோட்டத்தில் மல்லிச் செடிக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க நின்று, இலக்கணம் எதையும் பார்க்காமல் கேட்டேன். "மதர், முதலில் அவளையா கேட்டீர்கள்? நான் இரண்டாவதா?"

அவர் பூவாளியைக் கீழே வைத்தார். "கேட்டேன்" என்றார். "நீ இரண்டாவதுதான்."

அப்படி நேராகச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"உன் அண்ணி நல்ல டீச்சராக வரமாட்டாள்" என்றார். "அவளுக்குப் பொறுமை கிடையாது, பாதி வகுப்பில் கதை பேச உட்கார்ந்துவிடுவாள். அது எனக்குத் தெரிந்தேதான் கேட்டேன். தினமும் பக்கத்தில் இருந்தால் எனக்கு நன்றாக இருக்குமே என்று கேட்டேன். அது என் சுயநலம். உன்னைக் கேட்டது பிள்ளைகளுக்காக. அவர்களுக்கு நீதான் வேண்டும்."

ஆறுதலாகச் சொன்னார். யாரிடம் சொன்னாலும் இதைவிட என்ன வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அண்ணனும் அப்படித்தான் கேட்டான். ஆனால் அந்தத் தோட்டத்தில் நின்றபோது எனக்கு வேண்டியிருந்தது அந்த மற்றதுதான். யாராவது, சுயநலமாக, நான் பக்கத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று என்னைக் கேட்டிருக்கலாம். மதர் கேட்டிருக்கலாம். வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "வருகிறேன் மதர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் மாதம் வேலையில் சேர்ந்தேன். நாற்பது பெண் பிள்ளைகள், கிழிந்த பாடப் புஸ்தகங்கள், மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. முதல் நாளிலேயே எனக்கு அது பிடித்துப்போனது. வாயைத் திறந்தால் இங்கிலீஷ் தடையில்லாமல் வந்தது. முதல் வாரத்தில் ஒரு நாள் மதர் பின் வரிசையில் வந்து உட்கார்ந்து கேட்டார். நான் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்தேன். என் ஊர் வீடு, முன்னால் கட்டுமரம் சாய்த்து வைத்திருக்கிற ராயபுரத்தை ஒட்டிய காசிமேட்டு மீனவர் வீடு. பிள்ளைகளை மீன் வாங்க வந்தவர்களாகப் பேச வைத்தேன். மதர் கடைசி வரை இருந்தார். மணி அடித்ததும் என்னிடம் வந்தார். என்ன சொல்லப் போகிறார் என்று என் காது சூடேறிப் போனது.

"பர்ஃபெக்ட்" என்றார். உடனே, "உன் அண்ணிக்கு எப்போது நாள் சொல்லியிருக்கிறார்கள்? தூங்குகிறாளா?" என்று கேட்டார்.

"தூங்குகிறாள் மதர். அடுத்த மாதம்" என்றேன்.

அங்கியின் பைக்குள்ளிருந்து காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். மடத்து அடுப்பில் அவரே சுட்ட பிஸ்கோத்து, உப்பும் சோடாவும் போட்டது, வயிற்றைப் புரட்டாது, அவளிடம் கொடு என்றார்.

வீட்டுக்கு நடந்து வந்தேன். ஹார்பர் சங்கு ஊதி, வேலை விட்டவர்கள் சைக்கிளில் தெருவை அடைத்துக்கொண்டு போனார்கள். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஒன்று நிலக்கரியோடு ஊர்ந்துகொண்டிருந்தது, முடிகிற வழியாகத் தெரியவில்லை. நான் பொட்டலத்தைப் பிரித்தேன். பிஸ்கோத்து இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஒன்றை எடுத்துத் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது, உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். இன்னொன்றையும் தின்றேன். கேட் திறந்ததும் உதட்டைத் துடைத்துக்கொண்டு, மீதியைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய் அண்ணியிடம் கொடுத்தேன்.